காட்டின் ஓசோனைக் கணக்கெடுக்கும் கட்டைவிரல் குப்பி: ஒகாவா பாசிவ் சாம்ப்ளர் பற்றி ஒரு மதிப்புரை

கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலைத்தொடரின் மேற்குச் சரிவில், பாண்டரோசா பைன் மரங்களுக்கு நடுவே, ஆள் உயரத்துக்குச் சற்று மேலே ஒரு கம்பத்தில் வெள்ளைப் பிளாஸ்டிக் மூடி ஒன்று கவிழ்த்து மாட்டியிருப்பதைக் கண்டால், அதற்குள் அண்ணாந்து பாருங்கள். கட்டைவிரலின் மேற்கணுவை விடச் சற்றே பெரிய ஓர் உருளை அங்கே தொங்கிக்கொண்டிருக்கும். மின்சாரமோ பேட்டரியோ ஓசையோ இல்லாமல் இரண்டு வாரம் அப்படியே தொங்கி, அந்த மரங்கள் சுவாசித்த காற்றில் எவ்வளவு ஓசோன் இருந்தது என்று சொல்லிவிடும் கருவி அது. ஒகாவா நிறுவனத்தின் பாசிவ் சாம்ப்ளர், அதாவது காற்றை இழுக்கும் பம்பு இல்லாமல் தானாகவே மாதிரி சேர்க்கும் குப்பி, என்று இதைச் சொல்வார்கள். இரண்டு கோடைக்காலங்கள் இதைக் கம்பங்களில் மாட்டியும் கழற்றியும், அதில் கிடைத்த எண்களை வரைபடமாக்கியும் பழகியவன் என்ற முறையில், காட்டுப் பரப்பின் ஓசோன் மாசை வரைபடமாக்க இது எந்த அளவுக்கு உதவும், எந்த இடத்தில் கைவிடும் என்பதை எழுதுகிறேன்.

ஓசோன் என்றதும் நம்மில் பலருக்குப் பள்ளிப் பாடநூலில் படித்த குடைதான் நினைவுக்கு வரும். அந்தக் குடை தரையிலிருந்து பல கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. வளிமண்டல ஓசோனில் ஏறத்தாழ 90 விழுக்காடு அங்கேதான். இங்கே பேசப்படுவது மூக்குக்கு எதிரே இருக்கும் மிச்சத்தைப் பற்றி. வாகனப் புகையிலிருந்து வரும் நைட்ரஜன் ஆக்சைடுகளும், பெட்ரோல் ஆவி போன்ற கரிமச் சேர்மங்களும் வெயிலில் வினைபுரிந்து உண்டாகும் ஓசோன் இது. எந்தப் புகைபோக்கியிலிருந்தும் இது நேராக வருவதில்லை. காற்றோடு போகும் வழியில் உருவாகிறது. அதனால்தான் நகரத்தின் நடுவில் இருப்பதைவிட, நகரத்துக்குக் காற்றடிக்கும் திசையில் பல மைல் தள்ளியிருக்கும் காட்டில் அளவு கூடுதலாக இருக்க முடிகிறது. 1950களின் தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலஸுக்குக் கிழக்கேயுள்ள சான் பெர்னார்டினோ மலைகளில் பாண்டரோசா பைன்களின் ஊசியிலைகள் மஞ்சள் திட்டுகளோடு உதிரத் தொடங்கியபோது, காரணம் புரியாமல் அதற்கு ‘எக்ஸ் நோய்’ என்றே பெயர் வைத்தார்கள். பூச்சியும் பூஞ்சையும் வறட்சியும் ஒவ்வொன்றாகச் சந்தேகிக்கப்பட்டன. 1960களின் தொடக்கத்தில் பால் மில்லரும் அவருடன் பணியாற்றியவர்களும் செய்த ஆய்வுகளுக்குப் பிறகுதான் ஓசோனே அந்த நோய் என்பது உறுதியாயிற்று.

நோய் தெரிந்த பிறகு அடுத்த கேள்வி, எங்கே எவ்வளவு என்பது. இதற்கு வழக்கமான பதில், 254 நானோமீட்டர் புற ஊதாக் கதிரை ஓசோன் எவ்வளவு உறிஞ்சுகிறது என்று பார்த்து மணிக்கணக்காக அளக்கும் மின்னணுக் கருவி. அரசு நிலையங்களில் இருப்பது அதுதான். ஆனால் அதற்கு மின் இணைப்பு வேண்டும், வெப்பநிலை மாறாத அறை வேண்டும், அடிக்கடி அளவு சரிபார்க்க ஓர் ஆள் வேண்டும். இவை மூன்றும் கிடைக்கும் இடம் சாலையோரம், வனத்துறை அலுவலகத்தின் பின்புறம், பார்வையாளர் மையத்தின் கூரை. காடு அங்கே இருப்பதில்லை. ஏறத்தாழ 640 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு மலைத்தொடரின் வரைபடத்தைச் சாலையோரப் புள்ளிகளை மட்டும் வைத்து வரைவது, ஊரின் மழையளவை ஒரே தெருவின் வாளிகளை வைத்துச் சொல்வதற்கு ஒப்பாகும். இயந்திரங்களுக்குத் தடையுள்ள பாதுகாக்கப்பட்ட வனப்பகுதிகளுக்குள் மின்னணு நிலையம் என்ற பேச்சுக்கே இடமில்லை. இந்த வெற்றிடத்தில்தான் ஒகாவாவின் குப்பி வந்து பொருந்துகிறது. ஒரு முதுகுப்பையில் இருபது குப்பிகளும் சோற்று மூட்டையும் சேர்ந்தே போகும்.

உள்ளே நடப்பது எளிமையான வேதியியல். உருளையின் இரு முனைகளிலும் துளைகளிட்ட மூடிகள். ஒவ்வொரு மூடிக்கும் பின்னால், இரண்டு உலோக வலைகளுக்கு நடுவே, சோடியம் நைட்ரைட்டும் பொட்டாசியம் கார்பனேட்டும் கிளிசராலும் பூசிய வட்டமான வடிதாள். துளை வழியாகத் தானாகப் பரவி உள்ளே வரும் ஓசோன், தாளிலுள்ள நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. ஒரு மூலக்கூறு ஓசோனுக்கு ஒரு மூலக்கூறு நைட்ரேட் என்பதால் கணக்கு நேரானது. காலம் முடிந்ததும் தாளைத் தூய நீரில் ஊறவைத்து, அயனி குரோமட்டோகிராபி என்ற ஆய்வகக் கருவியில் நைட்ரேட்டை அளக்க வேண்டும். பாஸ்டனைச் சேர்ந்த கௌட்ராகிஸ் குழுவினர் 1993இல் வெளியிட்ட முறை இது.

இதன் அளவுகளை நினைத்துப் பார்த்தால் வியப்பாக இருக்கும். குப்பி நிமிடத்துக்குச் சுமார் 20 மில்லிலிட்டர் காற்றிலுள்ள ஓசோனை மட்டுமே பிடிக்கிறது. இரண்டு வாரத்தில் அது ஏறத்தாழ 400 லிட்டர் காற்றாகிறது. ஓசோனின் அளவு 50 பிபிபி, அதாவது நூறு கோடிப் பங்கில் 50 பங்கு, என்று வைத்துக்கொண்டால், தாளில் சேர்வது ஐம்பது மைக்ரோகிராம் அளவுக்கான நைட்ரேட். ஒரு கல் உப்பை விடவும் மிகக் குறைவு. இவ்வளவு சிறிய அளவோடு விளையாடும்போது கை சுத்தம் எவ்வளவு முக்கியம் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. என் முதல் கோடையில், கையுறை போடாமல் நான் ஏற்றிய ஒரு தொகுதியில் வெற்றுத் தாள்களே காட்டுத் தாள்களுக்கு இணையான நைட்ரேட்டைக் காட்டின. குற்றம் குப்பியுடையதல்ல, முழுக்க என்னுடையது. அன்றிலிருந்து பத்துக் குப்பிக்கு ஒன்று, திறக்காமலே காட்டுக்குப் போய்த் திறக்காமலே திரும்பி வரும் வெற்றுக் குப்பியாக இருக்க வேண்டும் என்பதில் நான் சமரசம் செய்துகொள்வதில்லை.

ஓசோனுக்குத் தாள் தொங்கவிடுவது புதிய சிந்தனையும் அன்று. ஓசோனுக்குப் பெயர் வைத்த ஷோன்பைன் 19ஆம் நூற்றாண்டிலேயே பொட்டாசியம் அயோடைடும் மாவும் தடவிய தாள்களைத் தொங்கவிட்டு, அவை எவ்வளவு நீலமாகின்றன என்று பார்த்தார். ஐரோப்பா முழுவதும் பலர் அந்தத் தாளைப் பயன்படுத்தினார்கள். ஈரப்பதம் மாறினால் நீலமும் மாறிவிடும் என்பது அதன் சாபம். ஒகாவாவின் தாளைப் பார்க்கும்போதெல்லாம் அந்த நீலத்தாளின் பேரப்பிள்ளை என்றே எனக்குத் தோன்றும்.

கருவியின் கட்டுமானத்தில் குறை சொல்ல எனக்கு அதிகம் இல்லை. டெஃப்லான் உடல் வெயிலுக்கும் பனிக்கும் வளைந்து கொடுக்காது. கழுவிக் காயவைத்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். தீர்வது தாள் மட்டுமே. ஒரே குப்பியில் இரண்டு முனைகள் இருப்பதால் ஒவ்வொரு இடத்திலும் இரட்டை அளவீடு தானாகவே கிடைக்கிறது. இரண்டும் ஒத்துவந்தால் நிம்மதி. ஒத்துவராவிட்டால் அந்த எண்ணை வரைபடத்தில் சேர்க்கும் முன் யோசிக்க வேண்டும் என்று பொருள். மற்ற சில வகைக் குப்பிகளில் இந்த வசதிக்கு இரண்டாவதாக ஒன்றைத் தனியே மாட்ட வேண்டியிருக்கும். மழையையும் பலத்த காற்றையும் தடுக்கும் வெள்ளை மூடியைத் தவிர்த்துவிட்டுச் சிக்கனம் பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு சொல்: காற்று நேராக அடித்தால் துளைக்குள் பரவல் வேகம் கூடி, ஓசோன் அதிகமாக இருப்பதாகத் தாள் பொய் சொல்லும். மலைமுகட்டில் எப்போதும் காற்றடிக்கும், பள்ளத்தாக்கில் அடிக்காது. மூடியில்லாமல் அளந்தால் ஓசோனை வரைகிறோமா காற்றை வரைகிறோமா என்பதே தெரியாமல் போகும்.

இனி, வாங்குவோர் கவனிக்க வேண்டிய பெரிய விஷயத்துக்கு வருகிறேன். ஆய்வகத்தில் கண்ட சேகரிப்பு வீதத்தை, அதாவது நிமிடத்துக்கு எவ்வளவு காற்றிலுள்ள ஓசோனைக் குப்பி பிடிக்கிறது என்ற எண்ணை, அப்படியே எடுத்துக்கொண்டு ஓசோனைக் கணக்கிட்டால் பிழை வரும். குளிர், உயரம், ஈரம், காற்று ஆகிய ஒவ்வொன்றும் அந்த வீதத்தைக் கொஞ்சம் நகர்த்துகின்றன. காற்றிலுள்ள நைட்ரிக் அமில ஆவியும் கார்பனேட் பூசிய தாளில் நைட்ரேட்டாகவே படியக்கூடியது. ஆகவே உங்கள் வலையமைப்பில் குறைந்தது ஒன்றிரண்டு இடங்களிலாவது குப்பிக்குப் பக்கத்திலேயே மின்னணுக் கருவி ஒன்றும் ஓட வேண்டும். அதன் இரண்டு வாரச் சராசரியோடு குப்பியின் நைட்ரேட்டை ஒப்பிட்டு, அந்தக் காட்டுக்கே உரிய வீதத்தைக் கண்டுபிடித்து, அதைக் கொண்டு மற்ற இடங்களைக் கணக்கிட வேண்டும். 12 வோல்ட் பேட்டரியிலும் சூரியத் தகட்டிலும் ஓடக்கூடிய சிறிய புற ஊதாக் கருவிகள் இப்போது கிடைப்பதால் இது முன்னைப்போல் பெரிய தடையாக இல்லை. என்றாலும் ‘மலிவான குப்பி’ என்ற விளம்பரத்தை நம்பி இந்தச் செலவைத் திட்டத்தில் சேர்க்காமல் விடுபவர்கள், கோடை முடிவில் கையில் எண்களை வைத்துக்கொண்டு அவற்றின் பொருள் தெரியாமல் நிற்பார்கள். ஒப்பீடு இரு திசையிலும் பயன்படும் என்பதையும் பார்த்திருக்கிறேன். காட்டுத்தீப் புகை சூழ்ந்த நாட்களில் புகையிலுள்ள சில கரிமச் சேர்மங்களும் 254 நானோமீட்டர் கதிரை உறிஞ்சுவதால், புற ஊதாக் கருவி இல்லாத ஓசோனைக் காட்டக்கூடும். அந்தத் தவறு வேதியியலால் அளக்கும் குப்பிக்கு வருவதில்லை.

குப்பியின் உண்மையான எல்லை வேறிடத்தில் இருக்கிறது. அது சராசரியை மட்டுமே தரும். காட்டுக்குச் சராசரி எந்த அளவுக்குப் பொருள் தரும் என்பதை ஒரு கணக்கால் விளக்குகிறேன். மலைமுகட்டில் ஓர் இடம். அங்கே இரவும் பகலும் ஓசோன் 55 பிபிபியாக நிற்கிறது. இரவில் குளிர்ந்து தரையோடு படியும் காற்றடுக்குக்கு மேலே முகடு இருப்பதால், அங்கே இரவிலும் ஓசோன் குறைவதில்லை. பள்ளத்தாக்கின் விளிம்பில் இன்னோர் இடம்; இரவில் தரையும் இலைகளும் ஓசோனைத் தின்றுவிடுவதால் 20க்கு இறங்கி, பகலில் நகரத்துக் காற்று மேலேறி வரும்போது 90ஐத் தொடுகிறது. பகல் பன்னிரண்டு மணி, இரவு பன்னிரண்டு மணி என்று வைத்தால் இரண்டின் சராசரியும் 55. இரண்டு குப்பியும் ஒரே எண்ணைத்தான் சொல்லும். ஆனால் ஐரோப்பாவில் காடுகளுக்குப் பயன்படுத்தப்படும் ஏஓடி40 அளவுகோலில், அதாவது பகல் நேரத்தில் 40 பிபிபிக்கு மேல் எவ்வளவு, எத்தனை மணி நேரம் என்று கூட்டும் முறையில், முகட்டுக்கு ஒரு நாளைக்கு 180 பிபிபி மணி, விளிம்புக்கு 600. காடுகளுக்கான எச்சரிக்கை எல்லை வளர்பருவம் முழுவதற்கும் 5,000 பிபிபி மணி. விளிம்பு ஒன்பதாவது நாளில் அதைத் தாண்டிவிடும். முகட்டுக்கு நான்கு வாரம் ஆகும். அமெரிக்காவின் மனித நலனுக்கான தரமும் எட்டு மணி நேரச் சராசரியில் 70 பிபிபி என்று 2015இல் வரையறுக்கப்பட்டது. அதையும் இரண்டு வாரக் குப்பியைக் கொண்டு நேராகச் சொல்ல முடியாது. மின்னணு நிலையங்களின் மணிவாரி ஏற்றத்தாழ்வை எடுத்து, உயரமும் நிலஅமைப்பும் ஒத்த குப்பிகளின் சராசரிக்குள் பொருத்தி ஊகிக்கும் முறைகள் உண்டு. அவை பயனுள்ளவை, ஆனால் ஊகங்கள்தாம். வரைபடத்தின் அடிக்குறிப்பில் அப்படியே எழுதிவிடுவது நேர்மை.

எண்கள் கையில் வந்த பிறகு வரைபடம். பெரும்பாலோர் செய்வது கிரிகிங் என்ற புள்ளியியல் முறை: தெரிந்த புள்ளிகளுக்கு இடையேயான தொலைவு கூடக்கூட அவற்றின் ஒற்றுமை எப்படிக் குறைகிறது என்று முதலில் கண்டறிந்து, அந்தப் போக்கின்படி தெரியாத இடங்களை நிரப்புவது. ஒகாவா குப்பி இதற்கு நன்றாகவே தீனி போடுகிறது, ஏனென்றால் கிரிகிங்குக்கு வேண்டியது மிகத் துல்லியமான ஐந்து புள்ளிகளைவிட ஓரளவு துல்லியமான ஐம்பது புள்ளிகள். 1990களின் இறுதியில் கார்பேத்தியன் மலைகளிலும், 1999இல் சியரா நெவாடாவிலும் அமெரிக்க வனத்துறையின் ரிவர்சைடு ஆய்வகத்தைச் சேர்ந்த ஆந்த்ரே பிட்னரோவிச்சும் பிறரும் பாசிவ் சாம்ப்ளர்களைப் பரவலாக மாட்டி வரைந்த வரைபடங்கள் இந்த வழியைப் பலருக்குக் காட்டின.

மென்பொருளில் ஒரு பொத்தானை அழுத்தினால் பச்சையிலிருந்து சிவப்பு வரை வழவழப்பான வண்ணப்படம் வந்துவிடுகிறது. அந்த வழவழப்பை நான் சந்தேகிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறேன். கிரிகிங்குக்குத் தெரிந்த தொலைவு காகம் பறக்கும் தொலைவு. மலைமுகட்டின் இரு பக்கமும் பத்துக் கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கும் இரண்டு இடங்களை அது அண்டை வீடுகளாக எண்ணிக்கொள்ளும். உண்மையில் மேற்குப் பக்கத்துக்குச் சான் ஹோக்கின் சமவெளியின் புகைக்காற்று பகல்தோறும் ஆற்றுப் பள்ளங்களின் வழியே ஏறி வருகிறது. கிழக்குப் பக்கம் வேறு உலகம். முகட்டைச் சுவராகக் கொள்ளும்படி அமைக்காவிட்டால், மேற்கின் சிவப்பு கிழக்கில் கசிந்துவிடும். உயரத்தைத் துணைக் காரணியாகச் சேர்ப்பது ஓரளவு உதவும். ஆனால் உயரம் ஏற ஓசோன் எப்போதும் ஒரே திசையில் மாறும் என்று நம்பிச் சேர்த்தால் அதுவும் ஏமாற்றும். வரைபடத்தோடு கூடவே பிழையளவின் வரைபடத்தையும் வெளியிடுங்கள் என்பது என் வேண்டுகோள். குப்பி மாட்டாத இடங்கள் அதில் தாமாகவே வெளிச்சத்துக்கு வந்துவிடும். அடுத்த கோடையில் எங்கே கம்பம் நட வேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல வழிகாட்டி கிடையாது.

குப்பியே வேண்டாம், இலவசமாகக் கிடைக்கும் உலகளாவிய கணிப்பு மாதிரிகளே போதும் என்று சொல்பவர்களும் உண்டு. ஐரோப்பாவின் கோப்பர்நிக்கஸ் வளிமண்டலச் சேவை நாள்தோறும் தரும் தரவு அருமையானது; நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் அதன் உலகக் கட்டத்தில் ஒரு சதுரம் சுமார் 40 கிலோமீட்டர். அந்தச் சதுரத்துக்குள் ஒரு பள்ளத்தாக்கு, இரண்டு முகடுகள், மூன்று வகைக் காடு அடங்கிவிடும். கடல்மட்டத்தை ஒட்டிய 1000 ஹெக்டோபாஸ்கல் அழுத்த மட்டத்தின் ஓசோனைத் தரைமட்ட ஓசோன் என்று எடுத்துக்கொள்பவர்கள், 2,000 மீட்டர் உயர மலையில் அந்த மட்டம் பாறைக்குள் இருக்கிறது என்பதை மறந்துவிடுகிறார்கள். செயற்கைக்கோளுக்கோ மேலேயுள்ள குடை குறுக்கே நிற்கிறது. பெரும்போக்கைப் பார்க்க மாதிரி, மரத்தடியைப் பார்க்கக் குப்பி என்று இரண்டையும் வைத்துக்கொள்வதே வழி.

மிக நல்ல ஓசோன் வரைபடமும் காற்றின் வரைபடம்தான் என்பதை வனத்துறை நண்பர்களிடம் ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டியிருக்கிறது. இலையைக் கெடுப்பது இலைத்துளை வழியாக உள்ளே போன ஓசோன். சியராவில் கோடை முற்ற முற்ற மண் வறண்டு, பைன்கள் நீரைக் காக்க இலைத்துளைகளை மூடிக்கொள்கின்றன; வரைபடம் சிவந்து கிடக்கும் அந்த நாட்களில் மரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. பனி உருகி மண் ஈரமாக இருக்கும் முன்கோடையில், சிவப்பு குறைவாக இருந்தும் மரம் நிறைய உள்வாங்குகிறது. சாக்ரமெண்டோவின் புகைக்காற்று வரும் வழியிலுள்ள பிளாட்ஜெட் ஆய்வுக்காட்டில் பெர்க்லி பல்கலைக்கழகத்தினர் செய்த அளவீடுகள் இந்த முரணைத் தெளிவாகக் காட்டியிருக்கின்றன. அங்கே ஓசோனில் கணிசமான பங்கு இலைக்குள் போகாமல், மரங்களே வெளியிடும் டெர்பீன்கள் என்ற மணமுள்ள கரிமச் சேர்மங்களோடு வினைபுரிந்து அழிகிறது என்பதும் அவர்கள் கண்டது. ஆகவே குப்பிகளை மாட்டப் போகும் ஒவ்வொரு முறையும் பக்கத்து மரத்தின் ஊசியிலைகளையும் பாருங்கள். மஞ்சள் திட்டு இருக்கிறதா, எத்தனை ஆண்டு இலைகள் கிளையில் தங்கியிருக்கின்றன என்று எண்ணிக் குறியுங்கள். பல ஆண்டு இலைகளைத் தாங்க வேண்டிய பைன், ஓசோன் தாக்கினால் ஓராண்டு, ஈராண்டு இலைகளோடு நுனியில் மட்டும் குச்சம் கட்டியதுபோல் நிற்கும். அந்தக் குறிப்புக்குச் செலவே இல்லை.

யாருக்கு இதைப் பரிந்துரைப்பேன் என்று கேட்டால், மின்சாரம் எட்டாத பரப்பில் முப்பது நாற்பது இடங்களைப் பருவம் முழுவதும் அளக்க விரும்பும் எவருக்கும் தயங்காமல். இன்றைய ஓசோன் அளவை இன்றே தெரிந்துகொள்ள வேண்டியவர்களுக்கு, பள்ளிக்கூடத்துக்கோ மருத்துவமனைக்கோ எச்சரிக்கை விட வேண்டியவர்களுக்கு, இது உதவாது. விடை ஆய்வகத்திலிருந்து வர வாரங்கள் ஆகும். வாங்கும்போது கணக்கைச் சரியாகப் போடுங்கள். முப்பது இடம், இரண்டு வாரத்துக்கு ஒரு சுற்று, ஐந்து மாதத்தில் பத்துச் சுற்று என்றால் முந்நூறு குப்பி வேலை, அறுநூறு தாள். வெற்றுக் குப்பிகளுக்கு மேலும் அறுபது தாள். உடல்களை அறுபதுக்குக் கொஞ்சம் கூடுதலாக வாங்கினால் போதும், பாதி காட்டிலும் பாதி கழுவுமிடத்திலுமாகச் சுற்றிக்கொண்டிருக்கும். தாள்களை மட்டும் ஒரே தடவையில் வாங்கிக் குவிக்காதீர்கள். மூடி முத்திரையிட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தாலும் அவற்றுக்குக் காலக்கெடு உண்டு. பாதியை மே மாதத்துக்கும் மீதியை ஜூலைக்குமாகத் தருவித்து, பெட்டியின் மேல் வந்த தேதியைப் பெரிதாக எழுதி வையுங்கள். சோற்று மூட்டை இருக்கும் பெட்டியில் மட்டும் அவற்றை வைக்க வேண்டாம்.